நாற்பது கம்ப்யூட்டரில் மூன்று வருட அப்டேட் பாக்கி, எங்கிருந்து தொடங்குவது?

நொய்யல்கரை:
கோவையில் பம்பு செட் தயாரிக்கும் ஓர் ஆலையில் சிஸ்டம் அட்மின் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். முன்னால் இருந்தவர் போன பிறகு அந்த நாற்காலி வெகுநாள் காலியாகக் கிடந்திருக்கிறது. விண்டோஸ் 10 போட்ட டெஸ்க்டாப் நாற்பது. பாதி 1909 பதிப்பு, சில 1809, மீதி 21எச்2. பம்பைச் சோதிக்கும் டெஸ்ட் பெஞ்சோடு ஒரு விண்டோஸ் 7. ஸ்டோர்ஸ் லெட்ஜருக்கு யாரோ பிஎச்பி மொழியில் எழுதிக்கொடுத்த மென்பொருள் உபுண்டு 18.04 (லினக்ஸ்) சர்வரில் ஓடுகிறது. சர்வர் 2016-ல் ஒரு டபிள்யூசஸ் (அப்டேட்டை வாங்கி எல்லா மெஷினுக்கும் பகிர்ந்துகொடுக்கும் மென்பொருள்) உண்டு. பாதி நேரம் அதன் கன்சோலே தொங்கிவிடுகிறது. திறந்துகொள்ளும் நேரத்தில் 'தேவை' என்று காட்டும் அப்டேட் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் நிற்கிறது.

"ஓடுறதை ஏன்ப்பா நோண்டுறே?" என்கிறார் முதலாளி. ஆனால் எங்களிடம் சரக்கு எடுக்கும் கம்பெனி ஒன்று பாதுகாப்புக் கேள்வித்தாள் அனுப்பியிருக்கிறது, அதற்குப் பதில் எழுத வேண்டியவன் நான். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஒரேயடியாக அப்ரூவ் கொடுத்துவிடலாமா?

ராத்திரி டூட்டி:
கொடுக்காதீர்கள் தம்பி. முதலில் அந்த எண்ணை நம்புவதை விடுங்கள். விண்டோஸ் 10 வந்த 2015-லிருந்தே மாதாந்திர அப்டேட் எல்லாம் குவியல் வகை. இந்த மாதத்துப் பொட்டலத்துக்குள் அந்தப் பதிப்புக்கு முன்பு வந்த எல்லாத் திருத்தமும் அடக்கம். முப்பது மாதம் போடாத கணினிக்கும் போன மாதம் மட்டும் விட்ட கணினிக்கும் வேண்டியது அதே ஒரு பொட்டலம்தான். டபிள்யூசஸ் பட்டியலில் காலாவதியான பழைய மாதங்கள் எல்லாம் அப்படியே உட்கார்ந்திருக்கும். யாரும் 'டிக்ளைன்' (வேண்டாம்) கொடுக்காததால் எண்ணிக்கை ஊதிப்போயிருக்கிறது, வேறொன்றும் இல்லை.

கன்சோல் தொங்குவதற்கும் பெரும்பாலும் அதுதான் காரணம். சர்வரின் வெப் சேவையைப் பார்த்துக்கொள்ளும் ஐஐஎஸ் மேலாளரில் டபிள்யூசஸ்பூல் என்று ஒன்று இருக்கும். அதன் மெமரி வரம்பு இயல்பில் சுமார் 1.8 ஜிபி. அதை நான்குக்கு மேல் ஏற்றுங்கள். பிறகு டேட்டாபேஸை ரீ-இண்டெக்ஸ் செய்யுங்கள். அதற்கான ஸ்கிரிப்டை மைக்ரோசாஃப்டே தன் தளத்தில் தருகிறது. அதற்கப்புறம்தான் வேண்டாத அப்டேட்டைத் துடைக்கும் கிளீனப் விசார்ட். வருடக்கணக்கில் துடைக்காத சர்வரில் முதலிலேயே விசார்டை ஓடவிட்டால் பாதியில் டைம்-அவுட் ஆகி நிற்கும். நிற்கிறதே என்று மிரள வேண்டாம், திரும்ப ஓடவிட்டால் விட்ட இடத்தை ஒட்டிக் கொஞ்சம் முன்னேறும்.

இன்னொன்று. 'டிரைவர்' வகையை யாராவது டிக் செய்து வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். மொழிகளில் ஆங்கிலம் மட்டும் போதும். இந்த இரண்டிலேயே சர்வர் மூச்சு விட ஆரம்பிக்கும்.

ஃபார்மட் பாண்டியன்:
இவ்வளவு வைத்தியம் எதற்கு? நாற்பது மெஷின்தானே. ஒரு பென்டிரைவ், ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டால் தீர்ந்தது. பழைய குப்பையின் மேல் அப்டேட் போடுவதைப் போலத் தலைவலி வேறில்லை.

ராத்திரி டூட்டி:
பாண்டியன், கடையில் கொண்டுவந்து வைக்கிற ஒற்றை லேப்டாப்புக்கு அது சரி. இது ஆலை. ஒவ்வொரு மெஷினிலும் எந்த டிசைன் மென்பொருளின் லைசென்ஸ் எந்த எண்ணோடு கட்டியிருக்கிறது, டிஜிட்டல் கையெழுத்து டோக்கனின் டிரைவர் எந்தப் பதிப்பு, பார்கோடு பிரின்டருக்கு எவர் என்ன செட்டிங் வைத்தார், இதெல்லாம் போனவரின் தலையோடு போய்விட்டது. துடைத்துவிட்டுத் தேடினால் கிடைக்காது.

நொய்யல்கரை, 1809, 1909 மெஷின்களில் இன்னொரு சங்கதி இருக்கிறது. புரோ பதிப்பில் 1809-க்கு 2020 நவம்பரோடு, 1909-க்கு 2021 மே மாதத்தோடு ஆதரவு முடிந்துவிட்டது. அவற்றுக்கு மாதாந்திரப் பொட்டலம் தேடிப் போட்டு நேரத்தைக் கழிக்காதீர்கள். நேராக விண்டோஸ் 10-ன் கடைசிப் பதிப்பான 22எச்2-ன் ஐஎஸ்ஓவை (நிறுவல் வட்டுக் கோப்பு) எடுத்து, ஓடுகிற விண்டோஸுக்குள்ளிருந்தே செட்டப்பைத் திறந்து, கோப்புகளையும் செயலிகளையும் வைத்துக்கொள்ளும் வழியைத் தேர்ந்தெடுங்கள். பழைய பாக்கி மொத்தமும் அதிலேயே அடங்கிப்போகும். மேலே ஒரே ஒரு மாதாந்திரப் பொட்டலம், முடிந்தது. 21எச்2 மெஷின்களுக்கு இன்னும் சுலபம்: 2004 பதிப்பு (ஆண்டு அல்ல, பதிப்பு எண்) முதல் 22எச்2 வரை அடித்தளம் ஒன்றே. உள்ளே ஏற்கெனவே இருப்பதைத் திறந்துவிடும் சின்னப் பொட்டலம் ஒன்று போதும், ஒரு ரீஸ்டார்ட்டில் மாறிவிடும்.

ஐஎஸ்ஓ வழியில் போகும் முன் சி டிரைவில் 20 ஜிபிக்குக் குறையாமல் இடம் பாருங்கள். பிட்லாக்கர் (வட்டைப் பூட்டிவைக்கும் வசதி) இருந்தால் தற்காலிகமாக நிறுத்துங்கள். மேம்படுத்தியபின் பத்து நாளுக்குள் பிடிக்காவிட்டால் பழையதற்கே திரும்பலாம். அந்தப் பத்து நாளும் விண்டோஸ் ஓல்டு ஃபோல்டரை யாரும் 'இடம் அடைக்கிறது' என்று அழிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

லேப் மேடம்:
கல்லூரி ஆய்வகம் பார்க்கிறவள் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். எங்கள் கணினிகளில் டீப் ஃப்ரீஸ் போட்டிருக்கிறது. மாணவர் என்ன செய்தாலும் ரீஸ்டார்ட் ஆனதும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அப்டேட்டும் அதே மாதிரி மறைந்துவிடும்! பகலில் இறக்கி, நிறுவி, ரீஸ்டார்ட் ஆகி, எல்லாம் காணாமல் போய், மறுபடி இறக்கி… இணைய இணைப்புதான் வீண். வாரத்தில் ஓர் இரவு உறைநிலையை எடுத்துவிட்டு அப்டேட் போகவிடும் நேரத்தை அதிலேயே குறித்து வைக்கலாம். உங்கள் ஆலையில் இப்படி ஏதும் நிறுவப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டபிள்யூசஸ் அறிக்கையில் ஒரே மெஷின் திரும்பத் திரும்ப 'தேவை' என்று வந்தால் எனக்கு முதல் சந்தேகம் அதன் மேல்தான்.

இணைப்பு பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். விண்டோஸ் 10-ல் டெலிவரி ஆப்டிமைசேஷன் என்று ஒரு வசதி உண்டு. ஒரு கணினி இறக்கியதை அதே நெட்வொர்க்கில் இருக்கும் மற்றவை அதனிடமிருந்தே வாங்கிக்கொள்ளும். டபிள்யூசஸ் சரியாகும் வரை இதைத் திறந்துவிடுங்கள்.

நொய்யல்கரை:
ராத்திரி டூட்டி அண்ணா சொன்னபடி டபிள்யூசஸைத் துடைத்தேன். ஆயிரக்கணக்கில் இருந்தது இப்போது ஒரு திரையில் அடங்குகிறது. டிரைவர் வகை உண்மையிலேயே டிக் ஆகியிருந்தது அண்ணா, மொழிகளில் ஜப்பானியம்கூட!

மாதிரிக்கு ஸ்டோர்ஸ் மெஷின் ஒன்றையும் டிசைன் மெஷின் ஒன்றையும் 22எச்2-க்கு ஏற்றினேன். டிசைன் சிக்கலில்லாமல் ஏறிவிட்டது. ஸ்டோர்ஸில் இடம் போதவில்லை. 128 ஜிபி எஸ்எஸ்டி, அதில் மீதி 6 ஜிபி. பார்த்தால் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் லாரி டிரைவர்கள் அனுப்பிய லோடு வீடியோக்கள். சரக்கு ஏற்றியதற்குச் சாட்சியாம், அழிக்கக் கூடாதாம். சர்வருக்கு நகர்த்தி வைத்துவிட்டு ஏற்றினேன்.

கணக்குப் பிரிவை இன்னும் தொடவில்லை. அங்கே ஜிஎஸ்டி ஓடிக்கொண்டே இருக்கிறது. எந்த நாளில் கை வைப்பது என்று தெரியவில்லை.

பில்லிங் கவுண்டர்:
அதற்கு நான் பதில் சொல்கிறேன், அந்தக் காயம் எங்களுக்கு உண்டு. மைக்ரோசாஃப்ட் அப்டேட் வருவது மாதத்தின் இரண்டாம் செவ்வாய், அதாவது 8-லிருந்து 14-க்குள் ஏதோ ஒரு நாள். நமக்கு இரவு பத்தரை, பதினொன்றரைக்கு மேல் இறங்கும், ஆக புதன் காலை. மாதாமாதம் தாக்கல் செய்பவருக்கு ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனைக் கணக்கு) கெடு 11-ஆம் தேதி, 3பி (வரி கட்டும் கணக்கு) 20-ஆம் தேதி. இரண்டும் நேருக்கு நேர் மோதும். கெடு நாளில் காலை வந்து 'அப்டேட் நடக்கிறது, அணைக்காதீர்கள்' என்ற நீலத்திரையைப் பார்த்தால் கணக்கர் அம்மா உங்களை ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டார்.

கணக்குப் பிரிவுக்குத் தனிக் குழு வைத்து 21-க்கும் 27-க்கும் நடுவில் போடுங்கள். மற்ற பிரிவுகளில் அதே அப்டேட் அதற்குள் ஒரு வாரமாவது ஓடியிருக்கும், அதுவே சோதனையாகவும் ஆகிவிடும். ஏற்றிய உடனே மூன்றைப் பாருங்கள்: கையெழுத்து டோக்கன் வேலை செய்கிறதா, இன்வாய்ஸ் பிரின்ட் ஆகிறதா, வங்கித் தளம் திறக்கிறதா. பிரின்டரை நான் சும்மா சொல்லவில்லை. 2021-ல் பிரின்ட்நைட்மேர் என்ற பாதுகாப்பு ஓட்டையை அடைக்க வந்த திருத்தங்களுக்குப் பிறகு, அட்மின் உரிமை இல்லாமல் நெட்வொர்க் பிரின்டர் டிரைவர் நிறுவ முடியாது என்று விதியே மாறியது. மூன்று வருட பாக்கி வைத்த மெஷினுக்கு அந்த மாற்றமெல்லாம் ஒரே நாளில் வந்து இறங்கும். டிரைவரை முன்கூட்டியே நிறுவி வையுங்கள்.

நீண்ட விடுமுறையில் செய்யலாம் என்றால் ஆயுத பூசையை மட்டும் நம்பாதீர்கள். சந்தனம் குங்குமம் வைத்த சிஸ்டத்தை மறுநாள் வரை தொட விடமாட்டார்கள்.

ஃபார்மட் பாண்டியன்:
ஒருவார்த்தை. இவ்வளவு பேரும் 22எச்2, 22எச்2 என்கிறீர்கள். அதற்கே 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்தாயிற்றே. செத்த குதிரைக்கு லாடம் அடிப்பானேன்?

ராத்திரி டூட்டி:
இந்தக் கேள்வி நியாயமானது. விண்டோஸ் 11-க்குத் தகுதி இருக்கிற மெஷின் 11-க்குப் போக வேண்டியதுதான். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைக்கு மேல். ஆனால் விண்டோஸ் அப்டேட் வழியாக 11 வரவேண்டுமென்றால் விண்டோஸ் 10-ல் குறைந்தது 2004 பதிப்பு இருக்க வேண்டும். தகுதியில்லாத மெஷினுக்குக் காசு கட்டிப் பாதுகாப்புத் திருத்தங்களுக்கு நீட்டிப்பு வாங்கினாலும், அது 22எச்2-க்கு மட்டும்தான் கிடைக்கும். எந்தப் பக்கம் போனாலும் 1809-ல் உட்கார்ந்திருப்பவருக்கு வழியில்லை.

நீட்டிப்பின் கணக்கையும் முதலாளியிடம் தெளிவாக வையுங்கள். நிறுவனங்களுக்கு முதல் வருடம் மெஷினுக்கு 61 டாலர், அடுத்த வருடம் இரட்டிப்பு, அதற்கடுத்தது மறுபடி இரட்டிப்பு. மூன்று வருடத்துக்கு மேல் கிடையாது. முதல் வருடம் விட்டுவிட்டு இரண்டாம் வருடம் சேர்ந்தால் விட்டதற்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். வீட்டுக் கணினிக்கு வந்த இலவச வழியை யாராவது சொன்னால் கேட்காதீர்கள், டொமைனில் (நிறுவனத்தின் மைய நிர்வாகத்தில்) சேர்ந்த மெஷினுக்கு அது செல்லாது. மூன்று வருடமும் கட்டினால் ஒரு மெஷினுக்கு 427 டாலர். அந்தக் காசுக்கு 11 ஓடுகிற ரீஃபர்பிஷ்டு டெஸ்க்டாப்பே வாங்கலாம். முதலாளிக்கு இந்த ஒரு வரி புரியும்.

ஐந்தாம்பக்கம்:
நீங்கள் எல்லாரும் அப்டேட் போடு போடு என்கிறீர்கள். என்னிடம் அச்சகம் இருக்கிறது. பேஜ்மேக்கரும் பாமினி எழுத்துருவும் பழைய கீபோர்டு மென்பொருளும் போட்ட கம்ப்யூட்டர் ஒன்று. இருபது வருடத்துக் கல்யாணப் பத்திரிகை, மலர், பஞ்சாயத்து நோட்டீஸ் எல்லாம் அதில்தான். அதைத் தொட்டால் என் பிழைப்பு போச்சு. சிலவற்றைத் தொடாமல் விடுவதுதான் அறிவு.

லேப் மேடம்:
தொட வேண்டாம் ஐயா, ஆனால் அந்த ஹார்டு டிஸ்க் ஒருநாள் தானாகவே உங்களைத் தொடும். சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் டிஸ்க்2விஎச்டி என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது, இலவசம். ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரை அப்படியே ஒரு மெய்நிகர் வட்டுக் கோப்பாக எடுத்துத் தரும். புதுக் கணினியில் மெய்நிகர் இயந்திரமாக அதைத் திறந்தால் உங்கள் பேஜ்மேக்கர், பாமினி எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். அதற்கு இணையம் மட்டும் கொடுக்காதீர்கள். விண்டோஸ் லைசென்ஸ் பழைய வன்பொருளோடு கட்டியதாக இருந்தால் ஆக்டிவேஷன் கேட்கும், அதைக் கவனியுங்கள்.

ஐந்தாம்பக்கம்:
இணையம் கொடுக்காமல் பிடிஎஃப் எப்படி வெளியே எடுப்பது?

லேப் மேடம்:
வெளியிலுள்ள கணினியோடு ஒரே ஒரு ஃபோல்டரைப் பகிர்ந்துகொள்ளலாம் ஐயா. அந்த அளவு போதும்.

தறிநாடா:
நொய்யல்கரை, உங்கள் டெஸ்ட் பெஞ்ச் விண்டோஸ் 7-ஐப் பற்றி யாரும் பேசவில்லையே. நாற்பது டெஸ்க்டாப்பைவிட எனக்கு அந்த ஒன்றுதான் உறுத்துகிறது.

2018 ஆகஸ்டில் தைவானின் டிஎஸ்எம்சி சிப் தொழிற்சாலையில் நடந்ததைத் தேடிப் படியுங்கள். புதிதாக வந்த ஒரு கருவியை வைரஸ் பரிசோதிக்காமல் நெட்வொர்க்கில் செருகினார்கள். உள்ளே, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸின் ஒரு வகை. பேட்ச் போடாத விண்டோஸ் 7 கருவிகள் வரிசையாக விழுந்தன, சில நாள் உற்பத்தி தடைப்பட்டது. அந்த ஓட்டைக்கான திருத்தம் 2017 மார்ச் 14-லேயே வந்துவிட்டது. வான்னாக்ரை உலகத்தைச் சுற்றியது மே 12-ல். அதற்கும் ஒரு வருடத்துக்கு மேல் கழித்துத்தான் டிஎஸ்எம்சி சம்பவம். தொழிற்சாலைக் கருவிகள்தான் எப்போதும் கடைசி வரிசை.

முதல் வேலை, அந்த வட்டைக் குளோன் எடுத்து, குளோனை மாட்டி பெஞ்ச் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் அசலைப் பீரோவில் வைத்துவிட்டு இனிமேல் குளோனில் வேலை. விண்டோஸ் அப்டேட்டை அழுத்தினால் இப்போது ஒன்றும் வராது: 2019-லேயே அப்டேட்டுகளின் டிஜிட்டல் கையொப்ப முறை ஷா-2-க்கு மாறிவிட்டது, பழைய முறையில் பேசும் சர்வர்களை 2020-ல் நிறுத்திவிட்டார்கள். மைக்ரோசாஃப்டின் அப்டேட் கேட்டலாக் தளத்திலிருந்து கையால் இறக்க வேண்டும். சர்வீஸ் பேக் 1 இருக்கிறதா பாருங்கள். பிறகு கேபி4490628, கேபி4474419 (கேபி என்பது மைக்ரோசாஃப்ட் அப்டேட்டுக்கு இடும் எண்). அதற்கப்புறம் கேபி3020369, அதன்மேல் 2016 ஏப்ரல் வரையிலான எல்லாம் அடங்கிய கேபி3125574. கடைசியாக 2020 ஜனவரி மாதத்து ரோலப். வரிசை மாறினால் 'இந்தக் கணினிக்குப் பொருந்தாது' என்று சொல்லும், அவ்வளவுதான், உடையாது.

அதன்பிறகும் அதைத் தனி விலானில் (மற்றவற்றிலிருந்து பிரித்துவைத்த நெட்வொர்க்) வையுங்கள். இணையம் கூடாது, கோப்புப் பகிர்வுக்கான 445 போர்ட் மூடியிருக்க வேண்டும், சோதனை அறிக்கை போகும் ஒரு முகவரிக்கு மட்டும் வழி. பெஞ்ச் விற்ற கம்பெனியிடம் புது மென்பொருள் இருக்கிறதா என்று கேட்டுவையுங்கள். பெரும்பாலும் 'கார்டையும் சேர்த்து மாற்ற வேண்டும்' என்பார்கள். அந்த விலை வரும்போது விலான் எவ்வளவு மலிவு என்று தெரியும்.

வடமராட்சி:
உபுண்டு பற்றி நான் சொல்கிறேன். 18.04-இலிருந்து 24.04-க்கு ஒரே தாவாகப் போக ஏலாது. 20.04, பிறகு 22.04, பிறகு 24.04 என்று படிப்படியாகத்தான் ஏற வேண்டும். ஆனால் உங்களுக்குத் தடை இயங்குதளம் அல்ல, அந்த லெட்ஜர்தான். 18.04-இல் பிஎச்பி 7.2, டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல் 5.7. அடுத்த படியில் பிஎச்பி 7.4, மைஎஸ்கியூஎல் 8.0. அதற்கடுத்ததில் பிஎச்பி 8.1. யாரோ எழுதிக்கொடுத்த பழைய நிரல் பெரும்பாலும் பிஎச்பி 8-இல்தான் முறியும். அதனால் சர்வரைத் தொட வேண்டாம். பக்கத்தில் புதிதாக 22.04 போட்டு, டேட்டாபேஸின் பிரதியை அதில் ஏற்றி, லெட்ஜர் ஓடுகிறதா என்று ஸ்டோர்ஸ்காரரையே உட்கார வைத்துப் பாருங்கள்.

அதுவரைக்கும் 18.04-ஐ வெறுமனே விடவும் தேவையில்லை. அதன் வழக்கமான ஆதரவு 2023 மே மாதத்தோடு முடிந்தாலும், உபுண்டு புரோவில் பதிந்தால் பத்து வருடம் வரைக்கும் பாதுகாப்புத் திருத்தம் வரும், 2018-இலிருந்து கணக்கு. சொந்தப் பாவனைக்கு ஐந்து இயந்திரம் வரை இலவசம், சின்ன வணிகத்துக்கும் அந்த ஐந்து செல்லும் என்றே அவர்களின் விதி. முதலில் பூட் பகிர்வு (வட்டில் அதற்கென ஒதுக்கிய பகுதி, பார்ட்டிஷன்) நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய கெர்னல்கள் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அடைத்துக் கிடந்தால், மென்பொருள் நிறுவும் கருவியான ஏபிடி பாதியில் நின்று எல்லாவற்றையும் குழப்பும்.

அப்டைம் (ரீஸ்டார்ட் இல்லாமல் ஓடிய காலம்) 800 நாள் என்று சிலர் பெருமையாகப் படம் போடுவார்கள். 800 நாளாகக் கெர்னல் மாற்றவில்லை என்றுதான் எனக்குத் தெரியும்.

நொய்யல்கரை:
அப்டைமைப் பார்த்தேன். சொல்ல மாட்டேன்.

லெட்ஜரை 22.04-ல் ஓட்டிப் பார்த்தோம். வடமராட்சி அண்ணன் சொன்ன மாதிரியே ரிப்போர்ட் பக்கம் மட்டும் முறிந்தது, நுழைவுப் பக்கங்கள் ஓடுகின்றன. எழுதியவரைத் தேடிப் பிடித்திருக்கிறேன், திருத்தித் தருகிறேன் என்கிறார். அதுவரை பழைய சர்வர் புரோவோடு ஓடட்டும். டெஸ்ட் பெஞ்சைத் தனி விலானுக்கு மாற்றியாயிற்று.

டெஸ்க்டாப்பில் மூன்றில் ஒரு பங்குதான் 11-க்குத் தகுதி. மீதிக்கு முதலாளி 'வருஷத்துக்குக் கொஞ்சமாக மாற்றலாம்' என்று இறங்கிவந்திருக்கிறார்.

இப்போது இரண்டு சந்தேகம். ஏறிய சில மெஷின்களில் ஒரே ஒரு அப்டேட் மட்டும் 80070643 என்று முடியும் பிழையோடு திரும்பத் திரும்பத் தோற்கிறது. இன்னொன்று, செக்யூர் பூட் சான்றிதழ் காலாவதியாகிறது என்று எங்கோ படித்தேன். அது என்ன?

ராத்திரி டூட்டி:
பிழை, 2024 ஜனவரியில் வந்த கேபி5034441 ஆக இருக்கும். ரெகவரி பகிர்வுக்கான திருத்தம். அந்தப் பகிர்வில் 250 எம்பி காலியிடம் வேண்டும், பழைய மெஷின்களில் இருக்காது. பகிர்வைப் பெரிதாக்கினால் போகும். மைக்ரோசாஃப்ட் ஸ்கிரிப்டும் கொடுத்திருக்கிறது. பேக்கப் எடுக்காமல் பகிர்வில் கை வைக்க வேண்டாம். ரெகவரியே இல்லாத மெஷினுக்கு அந்தத் திருத்தம் தேவையே இல்லை, ஒதுக்கி வைத்துவிடலாம். பிழை சிவப்பாகத் தெரிகிறது என்பதற்காக எல்லாவற்றையும் துரத்தாதீர்கள். எது உண்மையிலேயே வெளியில் தாக்கப்படுகிறது என்று பார்க்க அமெரிக்காவின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் இருக்கும் ஓட்டைக்கு மட்டும் பில்லிங் கவுண்டர் சொன்ன 21-ஆம் தேதிவரை காத்திருக்காதீர்கள்.

செக்யூர் பூட் விஷயம் நிஜம். கணினி எழும்போது நம்பகமான நிரலை மட்டும் ஓடவிடும் காவல் அது, நம்பகத்தைச் சான்றிதழ் வைத்துச் சரிபார்க்கும். 2011-ல் வழங்கிய சான்றிதழ்களின் காலம் 2026 ஜூனிலிருந்து ஒவ்வொன்றாக முடிகிறது. 2023 சான்றிதழ்கள் மாதாந்திர அப்டேட்டின் வழியாகத்தான் உள்ளே வருகின்றன. பாக்கி வைத்த மெஷினுக்கு வந்திருக்காது. அதற்காக மெஷின் எழும்பாமல் போய்விடாது, ஆனால் பூட் பகுதிக்கான பிந்தைய பாதுகாப்புத் திருத்தங்கள் அதற்குச் சேராது. முதலில் பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் இருந்தால் போட்டுவிடுங்கள். பிறகு இவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியைத் திறந்து 1808 என்ற எண் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் புதுச் சான்றிதழ் ஏறிவிட்டது. 1801 மட்டும் இருந்தால் இன்னும் ஏறவில்லை. பழைய பயாஸ் முறையில், செக்யூர் பூட்டே இல்லாமல் ஓடும் மெஷின்களை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

நொய்யல்கரை:
மாதிரிக்கு ஏற்றிய டிசைன் மெஷினில் 1801 இருக்கிறது. பயாஸ் 2019 தேதி. நாளை அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ராத்திரி டூட்டி:
யூபிஎஸ் பேட்டரி நிற்கிறதா என்று பார்த்துவிட்டு பயாஸில் கை வையுங்கள். பாதியில் கரண்ட் போனால் மதர்போர்டுதான் மாற்ற வேண்டும்.